நைலானா, ரேடியலா?

பழைய கார் கேள்வி-பதில்

போன இதழில் பழைய கார்களின் டயர் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதினேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதம் மேல் கடிதம். எனவே இந்த மாதம் முழுக்க டயர்தான். கார்புரேட்டர் கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளவும். புத்தகங்கள் பயஸ்-ப்ளை, கிராஸ்-ப்ளை என்று எழுதுவதை நம் பட்டறைகளில் நைலான் டயர் என்போம். நானும் அப்படியே எழுதுகிறேன்.

கேள்வி: அப்பா வாங்கிய 1972 அம்பாசிடர், இன்னும் ஓடுகிறது. 5.90-15 நைலான் டயர் நாலும் தேய்ந்துவிட்டன. ரேடியல் போடலாம் என்கிறான் மகன். எங்கள் மெக்கானிக், ‘இந்த வண்டிக்கு ரேடியல் ஆகாது, ஸ்டியரிங் போய்விடும்’ என்கிறார். உள்ளூரில் கொஞ்சம், வருடத்தில் சில தடவை சென்னை, அவ்வளவுதான் ஓட்டம். யார் பேச்சைக் கேட்பது?
— திண்டுக்கல் வாசகர்

பதில்: உங்கள் மகன் பேச்சை. ஆனால் மெக்கானிக் சும்மா பயமுறுத்தவில்லை. அவர் சொல்வதற்குள்ளும் ஒரு விஷயம் இருக்கிறது.

நைலான் டயருக்குள் இருக்கும் நூல் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக, டயரின் நடுக்கோட்டுக்கு ஏறக்குறைய 30, 40 டிகிரி சாய்வில் போகின்றன. கயிற்றுக் கட்டில் பின்னலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூலையில் உட்கார்ந்தால் மற்ற மூலையும் அசையும். பக்கச் சுவரும், பட்டன் என்று நாம் சொல்லும் தரையில் படும் பகுதியும் ஒரே உடம்பு. வளைவில் பக்கச் சுவர் சாய்ந்தால் பட்டனும் கூடவே சாய்ந்து ஒரு ஓரம் தரையை விட்டுக் கிளம்பும். ரேடியலில் நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர் குறுக்காக, 90 டிகிரியில் போகின்றன. அதற்கு மேல், பட்டனுக்கு அடியில், எஃகுக் கம்பிப் பட்டை சுற்றி வருகிறது. பக்கச் சுவர் தன் பாட்டுக்கு நெளியும், பட்டன் தரையில் படிந்தே இருக்கும். ரேடியலின் நல்லது கெட்டது எல்லாமே இந்த ஒரு அமைப்பிலிருந்து வருவதுதான்.

ஓட்டும்போது என்ன தெரியும்? நைலானில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் வண்டி திரும்பும். சாலை ஓரத்தில் தார் முடிகிற விளிம்பு, லாரிகள் அழுத்திய பள்ளக்கோடு, இரண்டும் வண்டியைத் தம் பக்கம் இழுக்கும். ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் எடுத்தால் முதல் இரண்டு கிலோமீட்டருக்குத் தட், தட் என்று உதைக்கும். தரையில் அழுந்தியிருந்த இடம் தட்டையாக நின்றுவிடுவதால் அந்தச் சத்தம். சூடேறியதும் போய்விடும். அம்பாசிடர் ஓட்டியவர்கள் அதை வண்டியின் குணம் என்றே நினைத்திருப்பார்கள். ரேடியல் மாட்டிய முதல் நாளே இந்த மூன்றும் பெரும்பாலும் காணாமல் போகும். மழையில் பிரேக் பிடித்தால் வித்தியாசம் நன்றாகத் தெரியும். நான்கு சக்கரமும் டிரம் பிரேக்காக இருக்கிற வண்டிக்கு அது சின்ன விஷயம் இல்லை.

சூடும் முக்கியம். நைலான் அடுக்குகள் ஓட்டத்தில் கத்தரிக்கோல் போல ஒன்றையொன்று உரசும்; வேகம் கூடக் கூடச் சூடு ஏறும். இந்த வண்டி பிறந்த காலத்தில் திண்டுக்கல்–சென்னைச் சாலையில் 60-ஐத் தாண்டிப் போகவே வழி இருந்திருக்காது. இப்போது நாலுவழிச் சாலையில், மே மாத மத்தியானத்தில், பின்னால் வரும் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறாரே என்று 85-இல் மணிக்கணக்காகப் போகிறோம். நைலானுக்கு அது பிடிக்காத வேலை. உங்களுக்கு ரேடியல் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அந்தச் சென்னைப் பயணம்தான்.

இனி மெக்கானிக் சொன்னது. ரேடியல் தரையை அதிகமாகப் பிடிப்பதால் நின்ற இடத்தில் ஸ்டியரிங் கனக்கும். வண்டி ஒரு அடி உருண்ட பிறகு திருப்பினால் பாதிக் கனம் போய்விடும். நைலான் தன் நெளிவில் மறைத்துவந்த ஆட்டத்தையெல்லாம் ரேடியல் அப்படியே கைக்குக் கொண்டுவரும்: கிங்பின் தேய்மானம், டை-ராடு எண்ட், சஸ்பென்ஷன் புஷ் என்று முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மூட்டுகள் எல்லாம். ‘ரேடியல் போட்டதும் ஸ்டியரிங் போச்சு’ என்று வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஸ்டியரிங் ஏற்கெனவே போயிருக்கும். அதனால் டயர் வாங்கும் முன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதல் செலவு அங்கே.

அப்புறம் ரிம். வளைவில் ரேடியல் கொடுக்கும் இழுப்பு நைலானைவிட அதிகம், ஐம்பது வருட ரிம் அதைத் தாங்க வேண்டும். நாலு ரிம்மையும் கழற்றி, பெயின்ட்டைச் சுரண்டி, நட்டு ஓட்டைகளைச் சுற்றியும் நடுத்தட்டு ரிம்மோடு சேரும் இடத்திலும் முடி போன்ற விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். இருந்தால் வெல்டிங் வேண்டாம், வேறு ரிம் தேடுங்கள்.

அளவு: 5.90 என்பது அங்குலத்தில் அகலம், சுமார் 150 மில்லிமீட்டர். இதற்கு ஒத்த ரேடியல் 165 R15 அல்லது 165/80 R15. 165/80 R15-இன் மொத்த உயரம் கணக்குப்படி 645 மி.மீ. (15 அங்குல ரிம் 381, அகலம் 165-இல் 80 சதவீதமான பக்கச் சுவர் மேலும் கீழும் 132). நைலான் டயரின் பக்கச் சுவர் உயரம் அதிகம் என்பதால், உங்கள் பழைய டயரை அளந்தால் ஒன்றரை செ.மீ. கூடுதலாகவே வரும். ரேடியலில் என்ஜின் கொஞ்சம் கூடச் சுற்றும், ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது உண்மை வேகம் 78 போல இருக்கும். அம்பாசிடர் ஸ்பீடாமீட்டரில் இதைக் கண்டுபிடிக்கிறவருக்கு என் வணக்கம்.

மெல்லிய 15 அங்குல ரேடியல் எல்லாக் கடையிலும் இருக்காது. ஆர்டர் கொடுத்துக் காத்திருங்கள். கடைக்காரர், ‘இதையே போட்டுக்கலாம் சார், கம்பீரமா இருக்கும்’ என்று பொலேரோவின் 215/75 R15-ஐ உருட்டிக்கொண்டு வருவார். அதன் உயரம் 700 மி.மீ.க்கு மேல். திருப்பினால் மட்கார்டில் உரசும், ஸ்டியரிங் உரல் ஆகிவிடும், மலையேற்றத்தில் இழுக்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு டீ மட்டும் குடித்துவிட்டு வாருங்கள்.

காற்று, பழைய கையேட்டில் உள்ளதைவிடக் கூடுதலாக வேண்டும். 28 பாயிண்ட்டில் ஆரம்பியுங்கள். பட்டன் மேல் குறுக்கே சாக்பீஸால் கோடு போட்டு, சமதரையில் நேராகக் கொஞ்சம் உருட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், இரண்டு ஓரமும் அழிந்தால் குறைவு. கோடு முழுக்க ஒரே மாதிரி அழியும் அளவே உங்கள் வண்டியின் அளவு. ரேடியல் அடியில் கொஞ்சம் பிதுங்கித்தான் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து 40 ஏற்றிவிடாதீர்கள். வீல் அலைன்மென்ட்டில் டோ-இன், அதாவது முன் சக்கரங்களின் முனை உள்பக்கம் பார்க்கும் அளவு, பழைய அளவைவிடக் கொஞ்சம் குறைவாக வைக்கச் சொல்லுங்கள். ஐந்தாவது டயரும் ரேடியலாகவே இருக்கட்டும். ஸ்டெப்னியில் பழைய நைலானை மறந்து வைத்துவிட்டு, நடுவழியில் பஞ்சர் ஆனால் மூன்று ரேடியல், ஒரு நைலானோடு வீடு திரும்ப வேண்டியிருக்கும்.

கேள்வி: எங்கள் பெரிய வீட்டில் 1930 ஃபோர்டு மாடல் ஏ ஒன்று இருக்கிறது. கல்யாணம், கோயில் விசேஷம், ஊர்வலம் தவிர வெளியே போவதில்லை. டயர் 4.75-19. வெளிநாட்டில் இதற்கும் ரேடியல் கிடைக்கிறதாம், தங்கை மகன் வரவழைத்துத் தருகிறேன் என்கிறான்.
— காரைக்குடி வாசகர்

பதில்: கிடைக்கிறது என்பது உண்மைதான். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்துச் சட்டநூகாவில் உள்ள கோக்கர் டயர் போன்றவர்கள், வெளியே பழைய நைலான் முகமும் உள்ளே ரேடியலுமாகச் செய்து விற்கிறார்கள். மாடல் ஏ-யில் ஊர் ஊராகப் பயணம் போகும் அமெரிக்கர்களுக்கு அது நல்ல சாமான்.

உங்களுக்கு எதற்கு? 40 குதிரைத்திறன், கம்பியால் இழுக்கும் மெக்கானிக்கல் பிரேக், ஊர்வல வேகம். இந்த வண்டியில் தரைப்பிடிப்பு ஒரு பிரச்சினையே இல்லை, பிரேக் பிடிக்கிறதா என்பதுதான் பிரச்சினை. குறுக்கு நூல் டயர் (நாம் நைலான் என்கிற வகை) தவிர வேறு ஒன்று வரும் என்று அந்த வண்டியை வரைந்தவர்கள் கனவிலும் நினைக்கவில்லை. ஸ்போக் சக்கரமும் ஸ்பிரிங்கும் அதற்கேற்பச் செய்தவை. பழைய வகையையே வாங்குங்கள், மருமகனிடம் கூடவே புது ட்யூப்பும் ரிம் பட்டையும் கேளுங்கள். ஃபோர்டு சொன்ன காற்று 35 பாயிண்ட்.

உங்கள் வண்டிக்கு உண்மையான எதிரி நின்றுகொண்டே இருப்பது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் டயர் தட்டையாகி, ஒரு கட்டத்துக்கு மேல் சூடேறினாலும் பழைய வட்டத்துக்கு வராது. விசேஷம் இல்லாத மாதங்களில் நாலு பக்கமும் ஸ்டாண்ட் கொடுத்து நிறுத்துங்கள். முற்றத்து வெயில் டயர் மேல் படாமல் ஒரு துணி போடுங்கள். முன்னும் பின்னும் மரக்கட்டையும் வையுங்கள். அந்தக் கால ஹேண்ட் பிரேக்கை நம்பிச் சரிவில் நிறுத்துகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு நண்பர் ஒருவர் புத்தம் புது ரேடியல் இரண்டு இனாமாகத் தருகிறார். ஸ்டியரிங் உள்ள பக்கம்தானே முக்கியம், முன்னால் மட்டும் மாட்டிக்கொண்டு பின்னால் நைலானையே வைத்துக்கொள்ளலாமா?
— தாம்பரம் வாசகர்

பதில்: கூடாது. இந்தப் பக்கத்தில் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

முன்னால் ரேடியல், பின்னால் நைலான் என்றால் வளைவில் முன்பக்கம் கடித்துப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கும். மழை பெய்த சாலையில் வால் சுற்றிக்கொண்டு முன்னால் வந்துவிடும். அதைத் திருத்துகிற அளவுக்குக் கைவேகம் நம்மில் பலருக்குக் கிடையாது. பிரிட்டனில் இது சட்டப்படியே குற்றம்: ஒரே அச்சில் இரண்டு வகையும் கலக்கக் கூடாது, முன் அச்சில் ரேடியலும் பின் அச்சில் கிராஸ்-ப்ளையும் கூடாது. தலைகீழாக, பின்னால் ரேடியல் போடுவதை அந்தச் சட்டம் விட்டுவைக்கிறது. அதையும் பட்டறைக்கு வந்து சேருகிற வரைக்குமான அவசர ஏற்பாடாகத்தான் நான் ஏற்பேன்.

உங்கள் ஹெரால்டுக்கு இது இரண்டு மடங்கு பொருந்தும். வண்டலூர்ப் பக்கம் செய்த அந்தக் காரின் பின் சக்கரங்கள் ஸ்விங் ஆக்சிலில், அதாவது நடுவில் மூட்டு வைத்து இரண்டு பக்கமும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் ஆக்சிலில், தொங்குகின்றன. வளைவில் வேகமாக நுழைந்து, பயந்து ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விட்டால், பின்பக்கம் தூக்கிக்கொண்டு வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கப் பார்க்கும். இங்கே மெக்கானிக்குகளும் உரிமையாளர்களும் அந்த ஆக்சிலை நம்பவில்லை. 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கேசல் காரில் கம்பெனியே அதை எடுத்துவிட்டுச் சாதாரண ஒற்றை ஆக்சில் வைத்தது.

நாலும் ரேடியல் என்றால்? போடலாம். 5.20-13-க்கு ஒத்தது 145/80 R13. 2022-க்குப் பின் வந்த ஆல்டோ கே10-இல் அந்த அளவுதான், தேடி அலைய வேண்டாம். ஆனால் தரைப்பிடிப்பு கூடும்போது ஸ்விங் ஆக்சில் மடங்குவதற்கான விசையும் கூடுகிறது. ரேடியல் கடைசி வரை பிடித்துவிட்டுச் சட்டென்று விடும். நைலான் முனகி, வழுக்கி, முன்கூட்டியே எச்சரிக்கும். பின்னால் உள்ள குறுக்குப் பட்டை ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் முதலில் அதைக் கட்டிவிட்டு டயருக்கு வாருங்கள். 155-க்கு மேல் அகலமாக எதையும் மாட்டாதீர்கள். நின்ற இடத்திலேயே வட்டம் போடுகிற மாதிரி ஒடியும் முன் சக்கரம்தான் ஹெரால்டின் அழகு, அகல டயர் அதைக் கெடுத்துவிடும். நண்பரிடம் இன்னும் இரண்டு இனாம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ரேடியல் டயர் பிரான்ஸில் பிறந்தது என்று படித்தேன். அப்படியானால் 1950-களின் பிரெஞ்சுக் காருக்கு ரேடியல்தானே ஒரிஜினல்? ‘பழைய கார் என்றால் நைலான்தான்’ என்று வாதாடும் என் நண்பருக்கு ஒரு பதில் தாருங்கள்.
— புதுச்சேரி வாசகர்

பதில்: வாதத்தில் நீங்கள் ஜெயித்தீர்கள். மிஷலின் கம்பெனி 1946-இல் காப்புரிமை வாங்கி, 1949-இல் ‘எக்ஸ்’ என்ற பெயரில் ரேடியலைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின்னால் இருந்த மாரியுஸ் மின்யோல் அந்தக் கம்பெனியின் அச்சுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். டயரில் சூடு எங்கே பிறக்கிறது என்று பார்ப்பதற்காகப் பக்கச் சுவரில் அகல இடைவெளி விட்டுக் கம்பிகள் மட்டும் வைத்து ஒரு சோதனை டயர் செய்தார்கள். பார்ப்பதற்கு ஈ பிடிக்கும் கூண்டு மாதிரி இருந்ததால் அதற்கு அந்தப் பெயரே வைத்தார்கள்.

மிஷலினுக்கு இன்னொரு வசதி இருந்தது. 1930-களின் நடுவிலிருந்து சிட்ரோவன் கார் கம்பெனி அதன் கையில் இருந்தது. டயரும் நம்முடையது, காரும் நம்முடையது என்றால் ஒன்றுக்கேற்ப இன்னொன்றை வரையலாம் அல்லவா? 1955-இல் வந்த சிட்ரோவன் டிஎஸ் அப்படி ரேடியலை மனதில் வைத்தே வரைந்த கார். அதில் நைலான் மாட்டுவதுதான் ஒரிஜினலைக் கெடுப்பது.

அமெரிக்காவில் நிலைமை நேர் எதிர். அங்கே கார்களின் சஸ்பென்ஷன் குறுக்கு நூல் டயரின் மெத்தை சுகத்துக்குப் பழகியது. டயர் ஆலைகளின் எந்திரங்களும் அதற்கானவை. மாற்ற யாருக்கும் மனசில்லை. 1970 லிங்கன் கான்டினென்டல் மார்க் 3-தான் ரேடியலோடு கடைக்கு வந்த முதல் அமெரிக்கக் கார். நம் நாட்டில் ஜே.கே. டயர் 1977-இல் ரேடியலைத் தொடங்கியது. அப்புறமும் டாக்சிக்காரர்கள் வெகுகாலம் நைலானை விடவில்லை. கல் கிழித்தாலும் தாங்கும் தடித்த பக்கச் சுவர், ஏழு பேரை ஏற்றினாலும் முணுமுணுக்காத உடம்பு, தேய்ந்தால் புதுப் பட்டன் ஒட்டி ரீட்ரெட். அவர்கள் கணக்கில் தப்பே இல்லை.

ஒரு எச்சரிக்கை. ஆரம்பகால டிஎஸ், 2சிவி ரிம்கள் 400 மில்லிமீட்டர். அது 15 அங்குலமும் இல்லை, 16-உம் இல்லை; இரண்டுக்கும் நடுவில். பஞ்சர் கடையில் அடித்து ஏற்றச் சொல்லாதீர்கள். அந்த அளவை மிஷலின் பழைய கார்களுக்கென்றே இன்னும் செய்கிறது.

கேள்வி: என் கணவர் வைத்திருந்த ஃபியட்டை அவர் நினைவாக ஓட்டிவருகிறேன். 2009-இல் வாங்கிய டயர், பட்டன் முழுசாக இருக்கிறது. மெக்கானிக் மாற்றியே ஆக வேண்டும் என்கிறார். பெண் என்பதால் ஏமாற்றுகிறாரோ என்று சந்தேகம்.
— சேலம் வாசகி

பதில்: அம்மா, அவர் ஏமாற்றவில்லை. பட்டன் 1.6 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்பது சட்டம். ரப்பரின் வயசு வேறு கணக்கு. டயரின் பக்கச் சுவரில் DOT என்று தொடங்கும் வரியின் கடைசி நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2309 என்றால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மூன்றே இலக்கம் இருந்தால் போன நூற்றாண்டு டயர், நின்று பேசவே வேண்டாம். அந்த எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும்; வெளியே காணோம் என்றால் வண்டிக்கு அடியில் உள்பக்கம் பார்க்கச் சொல்லுங்கள். ஐந்து வருடத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதனை, பத்து வருடத்தில் எப்படி இருந்தாலும் மாற்றம் என்கிறது மிஷலின். குறைவாக ஓடும் வண்டியில்தான் இந்த ஏமாற்றம் நடக்கும்: வெளியே பளபளப்பு, பட்டன் இடுக்கில் நகத்தால் அழுத்தினால் பொடிப்பொடியாய் வெடிப்பு.

நைலானா ரேடியலா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் இழுக்க மாட்டேன். வயசான ரேடியலைவிடப் புது நைலான் மேல். புதிதாக வாங்கும்போதும் கடையிலேயே அந்த நாலு இலக்கத்தைப் பாருங்கள். யாரும் கேட்காத அளவு என்று மூன்று வருடம் பரணில் கிடந்ததைப் புதுசு என்று தருவார்கள்.

கேள்வி: பிரீமியர் பத்மினிக்கு (5.20-14) ஸ்விஃப்ட்டின் 165/80 R14 போட்டு, அப்படியே ட்யூப்லெஸ் ஆக்கிவிடலாமா?
— மதுரை வாசகர்

பதில்: இரண்டு கேள்வி. முதலாவதற்கு அரை மனசோடு சம்மதம். 5.20 என்பது 132 மி.மீ. அகலம், நீங்கள் போடுவது 165. உயரம் 620 மி.மீ., அது பழைய டயருக்குப் பக்கத்திலேயே வருவதால்தான் பலரும் போடுகிறார்கள். ஆனால் ஸ்டியரிங் கனக்கும், முழுசாக ஒடித்தால் சில வண்டிகளில் உள்ளே உரசும். 155/80 R14 கிடைத்தால் அதையே எடுங்கள், உயரம் 604. எதுவானாலும் ஒரே ஒரு டயரை மாட்டி, இரண்டு பக்கமும் முழுசாக ஒடித்து, பின்சீட்டில் இரண்டு பேரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு மீதியை வாங்குங்கள்.

ட்யூப்லெஸ் வேண்டாம். இன்றைய ரிம்மில் டயர் விளிம்பு நழுவாமல் இருக்க உட்பக்கம் ஒரு சின்ன மேடு இருக்கும். பழைய ரிம்களில் அது இல்லை. காற்று குறைந்த நிலையில் வளைவில் போனால் விளிம்பு உள்ளே விழுந்து மொத்தக் காற்றும் ஒரே நொடியில் போய்விடும். ட்யூப் போட்டே ஓட்டுங்கள், ரேடியலுக்கென்று விற்கும் ட்யூப்பாகப் பார்த்து. மாட்டும் முன் டயருக்குள் கையை விட்டுத் தடவுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் காகித லேபிள், தூக்கி நிற்கும் ரப்பர் வரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பவுடர் தூவி மாட்டச் சொல்லுங்கள். ஆணியே இல்லாமல் ‘தானாகப் பஞ்சர்’ ஆகிக் கழற்றிய ட்யூப்பில், அந்த லேபிளின் சதுர வடிவத்திலேயே ரப்பர் அரைபட்டுப் போயிருப்பதைப் பட்டறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

கேள்வி: என்னுடைய மொறிஸ் மைனர் றோட்டுக் கரையிலை போனால் இழுக்குது. கிறாஸ்-பிளை ரயரை மாத்தி ரேடியல் போட்டால் சரிவருமோ?
— யாழ்ப்பாணத்து வாசகர்

பதில்: பெருமளவு சரிவரும். 5.20-14-க்குப் பதில் 145 R14 அல்லது 155/80 R14 போட்டால் ஓரத்து இழுப்பு அடங்கும். ஆனால் அதற்கு முன் ட்ரனியனைப் பாருங்கள். மைனரின் முன் சக்கரத்தைத் தாங்குவது ட்ரனியன் என்ற மரை வெட்டிய ஒரு மூட்டு. கிரீஸ் காணாமல் தேய்ந்தால் மரை கழன்று சக்கரம் மடங்கிப் படுத்துவிடும். மைனர்காரர்கள் உலகம் முழுக்க அறிந்த வியாதி. யுத்த காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகள் உங்கள் ஊரில் எத்தனையோ. அந்த நாள்களில் கிரீஸ் யாருக்குக் கிடைத்திருக்கும்? தேய்ந்த ட்ரனியனில் கூடுதல் பிடிப்புள்ள ரேடியலை மாட்டுவது ஆபத்து.

கேள்வி: 50 வருடம் தாண்டிய வண்டிக்கு வின்டேஜ் பதிவு வாங்க விண்ணப்பிக்கிறேன். ரேடியல் போட்டிருந்தால் ‘ஒரிஜினல் இல்லை’ என்று தள்ளிவிடுவார்களா?
— ஈரோடு வாசகர்

பதில்: 2021-இல் வந்த மத்திய விதி, சேஸி, பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. டயர் அந்தப் பட்டியலில் இல்லை. VA எழுத்துள்ள நம்பர் பிளேட், பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். தினசரி ஓட்டத்துக்கும் வாடகைக்கும் அந்த வண்டியை எடுக்க முடியாது என்பதை யோசித்துவிட்டு விண்ணப்பியுங்கள். கண்காட்சிப் போட்டி வேறு விவகாரம். அங்கே நடுவர் குனிந்து டயரைப் படிப்பார், ரேடியலைக் குறிக்கும் R என்ற எழுத்துக்கு மார்க் குறைப்பார். போட்டிக்கு ஒரு செட், சாலைக்கு ஒரு செட் என்று ரிம்மோடு வைத்திருக்கிறவர்களும் உண்டு. வசதி இருந்தால் செய்யுங்கள்.

கேள்வி: பழைய காருக்கு நைட்ரஜன் அடிக்கலாமா?
— பொள்ளாச்சி வாசகர்

பதில்: சும்மா கிடைக்கிற காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். மீதிக்குக் காசு கொடுக்க வேண்டுமா என்பது உங்கள் இஷ்டம். பழைய ட்யூப் வால்வுகளில் மூடி பாதி வண்டிகளில் இருப்பதே இல்லை. அந்தக் காசில் ஐந்து மூடி வாங்கிப் போடுங்கள்.